பேறுகால மூட்டையின் கதை

திருப்பூரில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை ஒன்றின் வாசலில் காலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். ஆட்டோவிலிருந்து ஒரு பெண் மெல்ல இறங்குவாள். ஒரு கை இடுப்பைத் தாங்கியிருக்கும். அவளுக்குப் பின்னால் இறங்கும் மூதாட்டியின் கையில் துணிக்கடையின் மஞ்சள் பை ஒன்றும், ஒயர் கூடை ஒன்றும், வெந்நீர் பிளாஸ்க் ஒன்றும் இருக்கும். பையில் என்ன இருக்கிறது? துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள், இரண்டு நைட்டி, ஒரு சோப்பு, டம்ளர், மருத்துவச் சீட்டுகள். காதர்பேட்டையில் வாங்கிய குழந்தைச் சட்டைகள் நாலைந்தும் இருக்கலாம். ஊர் பனியன் ஊர் அல்லவா!

இந்த மூட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரசவம் வீட்டை விட்டு மருத்துவமனைக்குச் சென்ற வரலாறே அது எனலாம். வீட்டிலிருந்து புறப்பட்டபோது பெண் எவற்றை உடன் எடுத்துச் சென்றாள், எவற்றை விட்டுச் சென்றாள், எதை வாசலில் பறிகொடுத்தாள் என்பதைச் சிறிது காண்போம்.

மருத்துவச்சி வந்த காலம்

நம் பாட்டிமார் காலத்தில் கொங்கு நாட்டுக் கிராமங்களில் பிரசவம் என்றால் மருத்துவச்சியை அழைத்து வருவார்கள். பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களே தாயிடமிருந்து மகள் கற்று இத்தொழிலைச் செய்து வந்தனர். வலி எடுத்தவுடன் முதல் வேலை சீரகக் கஷாயம். பொய் வலியானால் தணிந்துவிடும், மெய் வலியானால் வலுக்கும் என்பது கணக்கு. இது முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கஷாயம் என்ன செய்கிறது என்பது ஒரு புறம் இருக்க, அது காய்ந்து, ஆறி, குடித்து முடிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். பொய் வலிக்கும் மெய் வலிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு மணி நேரமே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய மருத்துவரும் ஒரு மணி நேரம் கவனித்துத்தான் சொல்கிறார்.

அன்று மூட்டை கிடையாது. ஆனால் மூட்டைக்கு வேண்டிய பொருள் வீட்டு மரப்பெட்டியில் காத்திருக்கும். தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நைந்த நூல் சேலை. குழந்தை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்பார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கண்ணேறு. நாம் காணும் காரணம் வேறு. நூறு முறை துவைத்த பருத்தித் துணியில் கஞ்சி இராது, முரட்டுத்தனம் இராது, ஈரத்தை உடனே உறிஞ்சும். பிறந்த குழந்தையின் தோலுக்கு அதைவிட உகந்தது அக்காலத்தில் எதுவும் இல்லை.

ஆனால் அந்த வீட்டில் ஓர் எமனும் உட்கார்ந்திருந்தான். தொப்புள் கொடியை அறுக்கக் கையில் கிடைத்தது அரிவாளோ பழைய பிளேடோ. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் இசிவுநோய்க் கிருமிக்கு, அதாவது டெட்டனசுக்கு, இதைவிட நேரான வழி வேண்டியதில்லை. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, பிறந்து ஒரு வாரம் ஆகும் தறுவாயில் வாய் இறுகிப் பால் குடிக்க மாட்டாமல் போகும். பிறகு உடல் விறைக்கும். இதைப் பேய் பிடித்தது என்றும் காற்றுச் சேட்டை என்றும் எண்ணி எத்தனையோ தாய்மார் அழுதிருக்கிறார்கள்.

பின்னாளில் அரசும் தொண்டு நிறுவனங்களும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தந்தபோது அவர்கள் கையில் ஒரு சிறு பொட்டலத்தையும் கொடுத்தன. ஒரு புதிய பிளேடு, கொடியைக் கட்ட நூல், ஒரு சோப்பு, கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள். அவ்வளவே. இன்றைய மஞ்சள் பைக்கு முன்னோடி இந்தப் பொட்டலம்தான் என்பேன். இதனுடன் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் சேர்ந்தது. மருத்துவமனைப் பிரசவமும் பெருகியது. 2015-இல் இந்தியா, பிறந்த குழந்தைகளின் இசிவுநோயை ஒழித்த நாடுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால் அடியோடு இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் அளவுகோல்.

1844, 1847

சென்னையில் ஏழைப் பெண்களின் பிரசவத்திற்கென்று ஒரு மருத்துவமனை 1844-இல் திறக்கப்பட்டது. இன்று எழும்பூரில் உள்ள அரசு மகளிர் மருத்துவமனை அதன் வழிவந்ததே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1847-இல், ஐரோப்பாவின் இரு நகரங்களில் பிரசவத்தின் போக்கையே மாற்றிய இரு நிகழ்ச்சிகள் நடந்தன. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோபாம் கொடுத்துப் பார்த்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர், பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். 1846-இல் அந்த வார்டில் நூறு தாய்மாரில் பதினொருவர் காய்ச்சலால் மாண்டனர். 1848-இல் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்.

இரண்டில் எதை உலகம் முதலில் ஏற்றது தெரியுமா? குளோரோபாமை. 1853-இல் விக்டோரியா அரசியாரே தம் எட்டாவது பிரசவத்தின்போது அதை முகர்ந்தார். பிறகு யார் தடை சொல்ல முடியும்! கை கழுவச் சொன்னவரோ ஏளனத்திற்கு ஆளாகி, மனம் உடைந்து, 1865-இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். மருத்துவர்கள் தம் கையே நோயைக் கொண்டு வருகிறது என்று ஒப்புக்கொள்ள விரும்பவில்லை.

நம் நாட்டுப் பெண்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்கியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆண் மருத்துவர் தொடக் கூடாது. பிற சாதியாருடன் ஒரே கூடத்தில் படுக்க மனம் ஒப்பாது. 1885-இல் சென்னையில் பெண்களுக்காகத் தோன்றிய மருத்துவமனையின் பெயரைப் பாருங்கள்: விக்டோரியா சாதி கோஷா மருத்துவமனை. ஊரார் நாணத்தையும் சாதியையும் வாசலிலேயே எழுதி வைத்தால்தான் பெண்கள் உள்ளே வருவார்கள் என்று கருதினார்கள் போலும். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

இதே தயக்கம்தான் வேலூர் மருத்துவமனைக்கும் வித்தாயிற்று. 1890-களில் திண்டிவனத்தில் பாதிரியாரும் மருத்துவருமான தந்தையின் வீட்டில் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவி கேட்டதைக் கண்டார். தந்தை வர ஆயத்தமாக இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டனர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

பின்னர் வேகம் கூடியது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதாரச் செவிலியர், 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் என்று படிப்படியாக வந்தன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 99-க்கும் மேல் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. நூற்றெழுபது ஆண்டுகளில் இது சிறிய செய்தி அன்று.

வாசலில் நின்ற பாட்டி

இங்கே வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தங்கை பிறந்தது 1960-களில். மூட்டையோடு உடன் சென்ற பாட்டி, பிரசவ அறைக் கதவோடு நிறுத்தப்பட்டார். மூட்டையில் இருந்த வேட்டித் துண்டுகள் மட்டும் உள்ளே போயின. இரவெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே இருந்து யாராவது கத்தினால் தம் மகளோ என்று எழுந்து நிற்பாராம். விடிந்தபின் ஆயா ஒருத்தி வந்து சொன்னபோதுதான் பேத்தி பிறந்தது தெரிந்தது. இது ஒரு குடும்பத்தின் அனுபவம் மட்டுமன்று. அக்காலத்தில் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இதுவே நடைமுறை.

மருத்துவமனையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியாரோடு கிருமியும் உள்ளே வந்துவிடுமோ என்ற அச்சம் இயல்பானதுதானே? ஒரே கூடத்தில் ஐந்தாறு பெண்கள் மறைவின்றிப் படுத்திருக்கும்போது உறவினரையும் சேர்த்தால் இடம் எங்கே? ஆயினும் கிருமியை விரட்டும் முயற்சியில் துணையையும் விரட்டிவிட்டோம். வீட்டுப் பிரசவத்தில் ஒரு நல்ல பொருள் இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள்.

துணை இருந்தால் மனத்துக்கு இதம் என்பது சரி, உடம்புக்கு என்ன ஆகும் என்று மாணவ வாசகர் கேட்கலாம். பிரசவத்தின் முதல் கட்டத்தில் கருப்பை விட்டுவிட்டுச் சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கமும் கருப்பையின் வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கிறது. பத்து சென்டிமீட்டர் அளவு திறந்தால்தான் குழந்தை இறங்கும். தலைப்பிரசவத்தில் இதற்கு அரை நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இந்தச் சுருக்கத்தை நடத்துவது ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர். அச்சம் மிகும்போது அட்ரினலின் என்னும் மற்றொரு இயக்குநீர் சுரக்கிறது. ஓடவும் போராடவும் உடம்பைத் தயார்ப்படுத்துவது அதன் வேலை. கருப்பையின் வேலையை அது தளர்த்திவிடும். காட்டில் கன்று ஈனும் மான் புலியின் வாடை பட்டவுடன் ஈற்றை நிறுத்திவைத்து ஓட வேண்டுமல்லவா? மனிதப் பெண்ணின் உடம்பும் அந்தப் பழைய ஏற்பாட்டை மறக்கவில்லை. அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியை மிகுவிக்கிறது, வலி மேலும் அச்சமூட்டுகிறது என்று ஆங்கில மருத்துவர் டிக்-ரீட் 1930-களிலேயே எழுதினார்.

இதை எண்ணிக்கையில் காட்டியவர்கள் குவாத்தமாலா நாட்டில் ஆய்வு செய்த மருத்துவர்கள். 1980-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. தனியே விடப்பட்ட தாய்மாருக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் ஆகச் சராசரி 19 மணிக்குச் சற்று மேல் பிடித்தது. முன்பின் அறியாத ஒரு பெண்ணாயினும் பக்கத்தில் அமர்ந்து முதுகைத் தடவி, கையைப் பிடித்து, பேசிக்கொண்டிருந்தால் 9 மணிக்கும் குறைவு! அது சிறிய ஆய்வு, இத்தனை பெரிய வேறுபாட்டை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பின்னர் பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் திசை மாறவில்லை. இடைவிடாத துணை பெற்றவர்களுக்குப் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2019-21-இல் நூறு பிரசவங்களில் 45 சிசேரியனாக இருந்ததை நினைத்தால் இது சும்மா படித்துவிட்டுப் போகும் செய்தி அன்று.

துணைக்குப் பதில் நாம் எதை வைத்தோம்? ஊசியை. 1995-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹோலன், வலியை விரைவுபடுத்தும் ஊசி இங்கே எவ்வளவு பரவலாகப் போடப்பட்டது என்பதை 2003-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். பெண்களே அதைக் கேட்டுப் பெற்றதையும் பதிவு செய்துள்ளார். தேவைப்படும் இடத்தில் அந்த ஊசி உயிர் காக்கும் மருந்து. ஆனால் பயந்து தனியே கிடப்பவள், எப்படியாவது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதானே நினைப்பாள்?

பனியன் ஊரில்

திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் 1920-களில் வேர் விட்டது. நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாக இருந்தது, 1980-களில் ஏற்றுமதி பெருகியபோது ஆயிரக்கணக்கான பெண்களை இழுத்துக்கொண்டது. பவர்டேபிளில், கைமடியில், செக்கிங்கில், பிசிறு வெட்டுவதில் எங்கும் பெண்கள். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்தார்கள். பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. ஏழாம் மாதத்தில் ஊருக்குப் போகக்கூடியவள் போய்விடுவாள். இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் தாய்வீடு உள்ளவள் என்ன செய்வாள்? லைன் வீட்டில் கணவனும் அவளும் மட்டும். பையை அடுக்கிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

சட்டம் இவளை அறவே மறந்துவிடவில்லை. சென்னை மாகாணத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்குப் பேறுகால உதவிச் சட்டம் 1934-லேயே வந்தது. 1961-இல் இந்தியா முழுமைக்கும் வந்த சட்டம் 12 வாரம் ஊதியத்தோடு ஓய்வு தந்தது. 2017-இல் அது 26 வாரமாயிற்று. இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கும் அதே 26 வாரம், முழு ஊதியம். இரண்டு சந்தா காலங்களில் 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். கோவையில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் வந்தது. திருப்பூருக்கென்று தனி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 2019-இல்! பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டர் வழியாக, இன்று ஒரு கம்பெனி நாளை ஒரு கம்பெனி என்று தைப்பவளின் பெயர் பல சமயம் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஆகவே கர்ப்பம் உறுதியானவுடன் அவள் தேட வேண்டிய முதல் பொருள் குழந்தைச் சட்டை அன்று. தன் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, சந்தா கட்டப்படுகிறதா என்ற விவரமே.

அரசு தந்த பெட்டகம்

தாய்க்கு மூட்டை கட்டிக் கொடுக்கும் பொறுப்பை அரசே ஏற்பதில் முன்னோடி பின்லாந்து. 1938-இல் ஏழைத் தாய்மாருக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குழந்தைத் துணி கொடுத்தார்கள். 1949-இல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். பெட்டிக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் பரிசோதனையும் பெற்றார்கள். பெட்டியே குழந்தைக்குத் தொட்டிலும் ஆயிற்று.

தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குப் பதினாறு பொருள்கள் கொண்ட பெட்டகம் வழங்கத் தொடங்கினர். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், இவற்றோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்! செம்மல்வைஸும் நம் பாட்டியும் ஒரே பைக்குள் சேர்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

இந்தத் துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னிய துணியில் நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டிருக்கும். கண்ணிகளுக்கிடையே காற்று தங்கும், இழுத்தால் நீளும். வெதுவெதுப்பான கருப்பையிலிருந்து நனைந்த உடம்போடு வெளிவரும் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு நம்மைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. உடனே துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாய் போட வேண்டும் என்பது அதனால்தான். தலை உடம்பில் பெரும்பங்கு அல்லவா? பிறந்தவுடன் குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போட உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பனியன் துணிக் குல்லாய் ஒன்று சில ரூபாயில் கிடைக்கும் ஊர் இது. வாங்கியதைத் துவைத்து வெயிலில் உலர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். கடைப்புதுசாக அப்படியே போடலாகாது.

எனவே எட்டாம் மாதம் முடிவதற்குள் பையைக் கட்டி வைத்துவிடலாம். அதில் பேறுகால அட்டை, பிக்மி எண், ஆதார், வங்கிப் புத்தகம், ஸ்கேன் சீட்டுகள் மேலே இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டிகள், நாப்கின், துண்டு, செருப்பு, டம்ளர், குழந்தைக்குத் துவைத்த பருத்தித் துணிகள், குல்லாய், போன் சார்ஜர். நகைகளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பாட்டி மறைவாகச் செருகும் சர்க்கரைத் தண்ணீர்ச் சீசாவையும் தேனையும் எடுத்துவிட வேண்டும். சேனை வைப்பது நம் பழைய வழக்கம்தான், ஆனால் முதல் உணவு சீம்பாலே. வசம்பை உரசி உள்ளுக்குக் கொடுப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஒழுங்குபட்டால் புறப்படலாம். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வாசலில் நின்ற பாட்டிக்கு என்ன ஆயிற்று? 2004-இல் தமிழ்நாடு அரசு தன் மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணையை உடன் இருக்க அனுமதித்தது. இந்திய அரசு 2016-இல் இதையே நாடு முழுமைக்கும் சொன்னது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருத்தல் நல்லது, தொற்று நோய் இருக்கலாகாது, சுத்தமான உடை வேண்டும், மருத்துவப் பணியில் குறுக்கிடக் கூடாது. அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். தாய்வீடு ஒடிசாவில் இருக்கும் ஒருத்திக்கு, பக்கத்து லைன் வீட்டில் இருந்து அதே கம்பெனிக்கு நடந்து போகும் அக்காவாகவும் இருக்கலாம். அவர் செய்ய வேண்டியதும் பெரிதில்லை. வலி வரும்போது இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தருவது, வலி விட்டபோது வாய்க்குத் தண்ணீர் கொடுத்து நாலு எட்டு நடக்க வைப்பது, ஆழ மூச்சு விடச் சொல்லித் தாமும் உடன் விடுவது. அந்த அக்காவிடம் எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைத்து, அவருடைய போன் எண்ணையும் பேறுகால அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அவருக்கு நைட் ஷிப்டு இருக்கும் வாரம் எது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.